டிரம்ப் நிர்வாகம் உண்டு, மோடி நிர்வாகம் ஏன் இல்லை?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் செய்தி என்றால் ‘டிரம்ப் நிர்வாகம்’, ‘பைடன் நிர்வாகம்’ என்று எழுதுகிறார்கள். இந்தியா என்றால் ‘மோடி அரசு’தான், ‘மோடி நிர்வாகம்’ என்று யாரும் எழுதுவதில்லை. நிர்வாகம் என்பது அதிகாரிகள் பார்க்கிற வேலைதானே? அது எப்படி ஒரு தலைவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது? அரசும் நிர்வாகமும் ஒன்றா, வேறா?

நாட்டுக்கு நாடு வேறு. செய்தி மொழிபெயர்ப்பில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ போல ஆளை ஏமாற்றும் சொல் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிட்டனில் ஒரு கடைத்தொடர் ‘அட்மினிஸ்ட்ரேஷனுக்குள் போய்விட்டது’ என்று ஒரு செய்தி வந்தது. நானும் யோசிக்காமல் ‘நிர்வாகத்தின் கீழ் வந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “அப்படியானால் இத்தனை நாள் நிர்வாகமே இல்லாமலா கடை நடத்தினார்கள்?” என்று கேட்டார். நிறுவனம் நொடித்துப்போய், கடன்காரர்களுக்காக வெளியாள் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்வதற்குத்தான் பிரிட்டனில் அந்தப் பெயர். 1986-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. சொந்தக்காரன் இல்லாத இடத்தில் வேறொருவர் பொறுப்பைப் பார்த்துக்கொள்வது என்ற இந்த அர்த்தத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் தமிழிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆட்சி கவிழ்ந்தது என்போம். நிர்வாகம் கவிழ்ந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நிர்வாகம் சீர்கெடும், ஸ்தம்பிக்கும், முடங்கும், கவிழாது. ஆட்சி மாறும், ஆட்சியைப் பிடிப்பார்கள், ஆட்சியை இழப்பார்கள். நிர்வாகத்தை யாரும் பிடிப்பதில்லை. நம் காதில் ஆட்சி என்பது வந்து போவது, நிர்வாகம் என்பது இருந்துகொண்டே இருப்பது. அந்தக் காதோடு ‘டிரம்ப் நிர்வாகம்’ என்று படித்தால் இடறத்தான் செய்யும், ஏனென்றால் அமெரிக்கர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது நேர் எதிரானதை. அங்கே அட்மினிஸ்ட்ரேஷன் என்பதுதான் வந்து போவது.

அதிபராகப் பதவி வகித்த காலத்தைக் குறிக்க அமெரிக்கர்கள் இந்தச் சொல்லைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துகிறார்கள். 1796-இல் பதவியிலிருந்து விடைபெற்றபோது வெளியிட்ட உரையில் ஜார்ஜ் வாஷிங்டனே தன் பதவிக்காலத்தை ‘என் நிர்வாகம்’ என்றுதான் குறிப்பிடுகிறார். காலப்போக்கில் அது காலத்தோடு ஆட்களையும் சேர்த்துக் குறிக்கலாயிற்று: அதிபர், துணை அதிபர், அமைச்சரவை, வெள்ளை மாளிகை ஆலோசகர்கள், துறைகளின் மேல்மட்டத்தில் அதிபர் நியமிக்கும் ஆட்கள். இப்படி அரசியல் நியமனமாக நிரப்பப்படும் பதவிகள் சுமார் 4,000. அவற்றில் ஏறக்குறைய 1,300 பேருக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். மத்திய அரசின் சிவில் ஊழியர்களோ சுமார் 20 லட்சம் பேர். அந்தக் கடலுக்கு மேல் மிதக்கும் இந்த 4,000 பேர் கொண்ட ஏடுதான் ‘நிர்வாகம்’ என்று பெயர் வாங்கியிருக்கிறது.

சரி, அதை ஏன் ‘கவர்ன்மெண்ட்’ என்று சொல்லவில்லை? அமெரிக்கர்களுக்கு அந்தச் சொல் மிகப் பெரியது. நாடாளுமன்றம், அதிபர், உச்ச நீதிமன்றம் மூன்றும் சேர்ந்தால்தான் அரசு. அதிபர் அதில் மூன்றில் ஒரு பங்கு. அவருடைய அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே கூடாது என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் எதிர்க்கட்சியின் கையில் இருக்கலாம், அப்போதும் அதிபர் அதிபர்தான். அப்படியிருக்க ‘டிரம்ப் அரசு’ என்றால், நாடாளுமன்றமும் நீதிமன்றமும் அவர் பையில் இருப்பது போலாகிவிடும். அதனால் அவர் கைக்கு அடங்கிய பகுதிக்குத் தனிச்சொல் வேண்டியிருந்தது.

அந்த ஏடு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். புதிய அதிபர் பதவியேற்பது ஜனவரி 20, நண்பகல் 12 மணி. காலையில் பழைய அதிபர் வெள்ளை மாளிகையை விட்டுக் கிளம்பியதும் ஒரு படையே உள்ளே வேலையைத் தொடங்குகிறது. பழையவரின் துணிமணி, புத்தகம், படங்கள் எல்லாம் வெளியே; புதியவரின் உடைமைகள் உள்ளே. ஐந்தாறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விழா முடிந்து புதியவர் வரும்போது அவருடைய சட்டைகள் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் செய்து முடிப்பவர்கள் யார் என்றால், கட்சி பேதமில்லாமல் எத்தனையோ அதிபர்களுக்கு வேலை பார்த்த மாளிகையின் நிரந்தர ஊழியர்கள். அமெரிக்க வழக்கில் அவர்கள் ‘நிர்வாகம்’ அல்லர். தமிழில் அந்தச் சொல்லுக்கு மிகப் பொருத்தமானவர்கள் அவர்கள்தான்.

ஒரு காலத்தில் அந்த 4,000 என்ற எல்லையும் கிடையாது. 1829-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் வந்த பிறகு, ஜெயித்த கட்சிக்காரனுக்குத்தான் அரசு வேலை என்பது வழக்கமாகிவிட்டது. தபால் அலுவலகத் தலைவர் வரை ஆட்சியோடு சேர்ந்து மாறுவார்கள். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். பெயர் சார்லஸ் கிட்டோ. தேர்தலில் தான் உழைத்ததாக நினைத்துக்கொண்டு, பாரிஸில் துணைத் தூதர் பதவி கேட்டு அலைந்து ஏமாந்தவன். கார்ஃபீல்ட் செப்டம்பரில் இறந்தார். அந்த அதிர்ச்சியில்தான் 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது: தேர்வு எழுதி வேலைக்கு வா, ஆளும் கட்சி மாறினாலும் வேலை போகாது. முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் அது பொருந்தியது, பிறகு படிப்படியாக விரிந்தது. கோடு எங்கே போடுவது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கொள்கை வகுப்பில் பங்குள்ள நிரந்தர ஊழியர்களை எளிதில் நீக்கத்தக்க தனிப் பிரிவுக்கு மாற்றும் ஆணையை டிரம்ப் 2020 அக்டோபரில் பிறப்பித்தார். 2021 ஜனவரியில் பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் கொண்டுவந்தார். ‘நிர்வாகம்’ என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம்.

குழப்பத்தைக் கூட்ட இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் சில அரசு அமைப்புகளின் பெயரிலேயே அட்மினிஸ்ட்ரேஷன் இருக்கிறது. நாசாவின் கடைசி ‘ஏ’ அதுதான். உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அமைப்புக்கும் அதே வால். இவை நிலையான அலுவலகங்கள். ‘நிர்வாகம் மாறியதால் விண்வெளி நிர்வாகத்தின் நிர்வாகி மாறினார்’ என்று எழுதினால் இலக்கணப்படி தப்பில்லை, படிப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

இனி லண்டன். 2024 ஜூலை 4 தேர்தல். மறுநாள் காலை ரிஷி சுனக் மன்னரிடம் ராஜினாமா கொடுத்தார், நண்பகல் வாக்கில் கியர் ஸ்டார்மர் பிரதமரானார். வாஷிங்டனில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை இரண்டரை மாதம் நடக்கிற கைமாற்றம் இங்கே ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. எப்படி முடிகிறது? மாறுபவர்கள் அவ்வளவு குறைவு. அமைச்சர்கள் நூறு சொச்சம், அவர்களோடு வந்து போகும் சிறப்பு ஆலோசகர்கள் நூறு சொச்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு துறையிலும் நிரந்தரச் செயலர் என்று ஒருவர் இருக்கிறார். பதவியின் பெயரே சங்கதியைச் சொல்லிவிடுகிறது. தேர்தல் சமயத்தில் துறை அதிகாரிகள் எந்தக் கட்சி வந்தாலும் கொடுப்பதற்குத் தயாராகக் குறிப்புக் கட்டுகளைத் தயாரித்து வைத்திருப்பார்கள். அமைச்சரவைச் செயலராக இருந்த சைமன் கேஸ் 2020 செப்டம்பரில் பதவிக்கு வந்து 2024 இறுதி வரை நான்கு பிரதமர்களைப் பார்த்தார்: ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர். இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் 1854-இல் நார்த்கோட், டிரெவெல்யன் இருவரும் கொடுத்த அறிக்கை. போட்டித் தேர்வு வேண்டும், சிபாரிசு கூடாது என்பது அதன் சுருக்கம்.

அதனால் பிரிட்டனில் பிரதமரின் அணிக்குப் பெயர் ‘கவர்ன்மெண்ட்’. அமெரிக்கர் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்பதும் பிரிட்டிஷ்காரர் ‘கவர்ன்மெண்ட்’ என்பதும் ஏறத்தாழ ஒரே பொருள். பிரதமர் நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கையில் வைத்திருப்பதால் அந்தப் பெரிய சொல் அங்கே பொருந்துகிறது. இந்திய வழக்கு அப்படியே லண்டன் வழக்கு. அதனால்தான் ‘மோடி அரசு’. அமெரிக்கப் பத்திரிகைகள் சில நேரம் பழக்கதோஷத்தில் ‘மோடி அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று எழுதிவிடுவதுண்டு. அதைத் தமிழில் ‘மோடி நிர்வாகம்’ ஆக்கினால் தப்பு நம்முடையது.

பிரான்ஸ்காரர்களிடம் போனால் இந்த வேறுபாடு அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1958 சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசு நாட்டின் கொள்கையைத் தீர்மானித்து நடத்தும் என்று சொல்லிவிட்டு, நிர்வாகமும் ராணுவமும் அரசின் வசம் இருக்கும் என்கிறது. அரசு வேறு, அதன் கையில் இருக்கும் நிர்வாகம் வேறு என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. ராணுவத்தோடு சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஆணைக்குக் கட்டுப்பட்ட கருவிகள்.

அந்தக் கருவிக்குத் தனி நீதிமன்றமே உண்டு. 1871-இல் போர்தோ நகரில் அரசுக்குச் சொந்தமான புகையிலை ஆலையின் தள்ளுவண்டி ஒரு ஐந்து வயதுச் சிறுமி மீது ஏறிக் காலைப் பறித்துவிட்டது. தகப்பனார் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். சாதாரண முதலாளியாக இருந்தால் சிவில் நீதிமன்றம் விசாரித்திருக்கும். ஆலை அரசினுடையது என்பதால் யார் விசாரிப்பது என்ற கேள்வி எழுந்தது. 1873 பிப்ரவரி 8 அன்று தீர்ப்பு: பொதுச்சேவையின் பொறுப்பைத் தனிமனிதர்களுக்கிடையிலான சட்டத்தால் அளக்க முடியாது, அதற்குத் தனி விதிகள், தனி நீதிமன்றம். சிறுமியின் குடும்பப் பெயரால் ‘பிளாங்கோ வழக்கு’ என்று அழைக்கப்படும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் பிரெஞ்சு நிர்வாகச் சட்டத்தைப் பாடமாகத் தொடங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ‘நிர்வாகத்தோடு எனக்குத் தகராறு’ என்றால் அதிபரோடு சண்டை என்று அர்த்தமில்லை; ஏதோ ஒரு அலுவலக ஜன்னலில் அவருடைய விண்ணப்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெர்மனியிலும் நிலையான அலுவலர் அமைப்புதான் நிர்வாகம். ஒரே விசேஷம், மத்திய அரசின் சட்டங்களைப் பெரும்பாலும் மாநிலங்களே நடைமுறைப்படுத்துகின்றன. அடிப்படைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு சொல்வது அதைத்தான்.

தமிழுக்குத் திரும்பினால் ஒரு சுவாரஸ்யம். ஐஏஎஸ்ஸில் நடுவில் உள்ள சொல்லும் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’தான். இந்தியத் தமிழில் அதை ‘இந்திய ஆட்சிப் பணி’ என்கிறோம். இலங்கையில் 1963-இல் பழைய சிவில் சேவையைக் கலைத்துவிட்டு உருவாக்கிய சேவையின் பெயரிலும் அதே சொல் வருகிறது. அங்கே தமிழில் ‘இலங்கை நிர்வாக சேவை’. ஒரே ஆங்கிலச் சொல், கடலுக்கு இந்தப் பக்கம் ஆட்சி, அந்தப் பக்கம் நிர்வாகம். என் கட்சி இலங்கைப் பக்கம். நிரந்தர அதிகாரியின் வேலைக்கு நிர்வாகம்தான் பொருந்தும். ஆனால் மாவட்டத்தில் ‘கலெக்டர்’ ஒரு காலத்தில் வைத்திருந்த அதிகாரத்தை நினைத்தால் ‘ஆட்சியர்’ என்று பெயர் வைத்தவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வரி வசூலிப்பதற்காக உருவான பதவி, பேரில் வசூல், நடப்பில் ஆட்சி. அந்த வழித்தோன்றலுக்கு இன்று அரசமைப்பின் 311-ஆம் பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது: குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்பளிக்காமல் வேலையிலிருந்து நீக்க முடியாது. இடமாற்றம் செய்யலாம், அது எல்லா ஆட்சியிலும் தாராளமாக நடக்கிறது. ஒரு மாநிலத்தில் 356-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் முதலமைச்சரும் அமைச்சர்களும் போய்விடுவார்கள், தலைமைச் செயலகம் மறுநாள் காலையும் திறக்கும்.

அரசு வேறு, நிர்வாகம் வேறு என்பது புரிய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஜோடி கிடையாது: பெல்ஜியமும் அமெரிக்காவும். பெல்ஜியத்தில் 2010 ஜூன் 13-இல் தேர்தல் நடந்தது. கட்சிகள் உடன்பட முடியாமல் புதிய அரசு அமைந்தது 2011 டிசம்பர் 6-இல். இடையில் 541 நாள். பழைய பிரதமர் இவ் லெத்தெர்ம் காபந்து பொறுப்பில் இருந்தார். ரயில் ஓடியது, ஓய்வூதியம் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமையைக்கூட 2010-இன் பிற்பாதியில் பெல்ஜியம் நடத்தியது. பணத்துக்கு என்ன வழி? முந்தைய வரவு செலவுத் திட்டத்தில் மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று தற்காலிகமாக எடுத்துக்கொள்ள விதி இருந்தது. அரசு இல்லை, நிர்வாகம் இருந்தது.

அமெரிக்காவில் 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் நேர்மாறான காட்சி. அதிபர் இருக்கிறார், அமைச்சர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்கிற ‘நிர்வாகம்’ முழுசாக இருக்கிறது. நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. பாதிப் பேர் வீட்டில், மீதிப் பேர் சம்பளமில்லாமல் வேலையில். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அரசு முடக்கம்’. 2025-இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் மறுபடியும் அதே கதை. தமிழ் அர்த்தத்தில் முடங்கியது நிர்வாகம், முடங்காமல் இருந்தது ஆட்சி.

கட்சி ஆளும் நாடுகளில் இந்தப் பிரிவினை வேறு இடத்தில் விழுகிறது. சீன அரசமைப்பின் 85-ஆம் பிரிவு, பிரதமர் தலைமையிலான அரசவையை நாட்டின் மிக உயர்ந்த நிர்வாக அமைப்பு என்கிறது. நாம் அமைச்சரவை என்று அழைப்பதை அங்கே வெளிப்படையாகவே நிர்வாகம் என்று வகைப்படுத்திவிட்டார்கள். முடிவெடுப்பது கட்சி. மாகாணத்தில் ஆளுநரைவிடக் கட்சிச் செயலர் பெரியவர். ஆக அங்கே அரசே நிர்வாகம்.

ரஷ்யாவில் ‘அதிபரின் நிர்வாகம்’ என்று பெயர் படித்தால் அமெரிக்க வாடை அடிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அது அதிபரின் அலுவலகம், அமைச்சரவை அதில் சேராது. பிரதமர் தலைமையில் ‘அரசு’ தனியாக இருக்கிறது. ஆனால் எடை எந்தப் பக்கம் என்பதற்குக் கட்டடமே சாட்சி: மாஸ்கோவின் ஸ்டாராயா சதுக்கத்தில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு இருந்த இடத்தில்தான் அந்த அலுவலகம் குடியேறியது. உக்ரைனில் இதே பெயரில் இருந்த அலுவலகத்தை 2019-இல் ‘அதிபர் அலுவலகம்’ என்று மாற்றிவிட்டார்கள். மொழிபெயர்ப்பவர்களுக்கு அது உபகாரம்.

இப்போது ஓரமாக வைத்த அந்த நொடித்த கடைக்கு வருவோம். சொந்தக்காரன் இல்லாதபோது பொறுப்பைப் பார்த்துக்கொள்பவர். நாடுகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 அக்டோபர் 25-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1272-ஆம் தீர்மானத்தின் மூலம் கிழக்குத் திமோரில் இடைக்கால நிர்வாகம் ஒன்றை நிறுவியது. பிரேசில்காரரான செர்ஜியோ வியெரா டி மெல்லோ அதன் நிர்வாகி. சட்டம் போடும் அதிகாரம், அதைச் செயல்படுத்தும் அதிகாரம் இரண்டும் அவர் கையில். எந்த நாணயம் புழங்கும் என்பதைக்கூட அந்த நிர்வாகம் முடிவு செய்தது, அமெரிக்க டாலர். ஒரு மன்னரிடம்கூட இத்தனை அதிகாரம் ஒருசேர இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் பெயர் நிர்வாகம்தான், ஏனென்றால் நாடு அவர்களுடையது அல்ல. 2002 மே 20-இல் திமோர் சுதந்திர நாடானதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

இந்திய ஒன்றியப் பிரதேசங்களிலும் இந்த வாசம் உண்டு. 239-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒரு நிர்வாகி மூலம் அவற்றை நிர்வகிக்கிறார். சட்டமன்றம் இல்லாத அந்தமான் நிகோபாரில் அரசாணைகளின் தலைப்பிலேயே ‘நிர்வாகம்’ என்றுதான் இருக்கும், அரசு என்று இராது.

இந்தச் சொல்லுக்குள் ஒரு படி கீழே என்ற தொனி ஒளிந்திருப்பதை ஸ்காட்லாந்துக்காரர்கள் நன்றாக உணர்ந்தவர்கள். 1999-இல் அதிகாரம் பகிரப்பட்டபோது எடின்பரோவில் அமைந்ததற்கு லண்டன் கொடுத்த பெயர் ஸ்காட்டிஷ் எக்ஸிக்யூட்டிவ், அதாவது செயலாட்சிக் குழு. அப்படிப்பட்டவற்றுக்கு லண்டன் வைத்திருந்த பொதுப்பெயரோ ‘அதிகாரம் பகிரப்பட்ட நிர்வாகங்கள்’. 2007-இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வந்ததும் பெயர்ப்பலகையை ‘ஸ்காட்டிஷ் அரசு’ என்று மாற்றிவிட்டது. கூடுதல் அதிகாரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, பெயர் மட்டும்தான். சட்டம் அதை ஏற்றுக்கொள்ள 2012 வரை ஆனது.

கடைசியாக, தமிழில் என்ன எழுதலாம்? ‘டிரம்ப் நிர்வாகம்’ வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்கிப் போடச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. நானாக எழுதும்போது ‘டிரம்ப் ஆட்சி’ என்று எழுதுகிறேன். ‘டிரம்ப் அரசு’ என்பதைத் தவிர்க்கிறேன், நாடாளுமன்றமும் நீதிமன்றமும் நடுவில் வந்து நிற்பதால். நிரந்தர ஊழியர்கள் சம்பந்தப்பட்ட செய்தியில் ‘அரசு அலுவலர்கள்’, ரஷ்யச் செய்தியில் ‘அதிபர் அலுவலகம்’. பிரிட்டனில் ஒரு நிறுவனம் அட்மினிஸ்ட்ரேஷனுக்குள் போனால் ‘திவால் நடவடிக்கைக்கு உள்ளானது’ என்று எழுதிவிட்டு, சிவப்பு மை இல்லாமல் வீட்டுக்குப் போகிறேன்.